தனிப் பியானோ, மெதுவான வாசிப்பு: இது ஏன் இப்படி உள்ளே இறங்குகிறது?

#1 | வளவுக்காற்று (பள்ளத்தூர்)

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம். பாட்டு இல்லாமல், தாளக்கருவி இல்லாமல், பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாக வாசிக்கிறார்களே, அந்த வகை இசை பற்றி.

உதாரணத்துக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி என்ற பியானோத் துண்டு. 1888-ல் எழுதியது. மூன்று நிமிடம் சொச்சம்தான். அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. இடது கை கீழே ஒரு சுரத்தைத் தொடும், அப்புறம் மேலே ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்). மறுபடி கீழே, மறுபடி மேலே. அதற்கு மேல் வலது கை யோசித்து யோசித்து நடக்கும். எப்படி வாசிக்க வேண்டும் என்று சாட்டி எழுதி வைத்ததும் 'மெதுவாக, வலியோடு' என்று மட்டும்தான்.

எனக்கு மேற்கத்திய இசையில் பயிற்சி கிடையாது. கேட்டு வளர்ந்தது கோயில் நாகசுரமும் டீக்கடை இளையராஜாவும். அப்படி இருக்க, இந்த மூன்று நிமிடம் ஏன் தொண்டையை அடைக்கிறது? மனசு சரியில்லாத நாளில் என்றால் புரிந்துகொள்ளலாம். நன்றாக இருக்கும் நாளிலும் அடைக்கிறதே!

இன்னொரு சந்தேகம். எங்கள் வீடு செட்டிநாட்டு மூன்று கட்டு வீடு. பங்காளிகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் எல்லாக் கதவும் திறக்கும். மற்ற நாளில் நானும் அப்பத்தாவும்தான். இதே துண்டை அறைக்குள் போனில் கேட்டால் ஒரு மாதிரி, சின்ன ஸ்பீக்கரை வளவில் (நடு முற்றத்தில்) வைத்துக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. நம் ஊர் வீட்டுக்கும் இந்த இசைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, இல்லை என் கற்பனையா?

#2 | மேலவீதி (தேவகோட்டை)

கற்பனைதான் தம்பி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலியான வீடு, சாயங்காலம், மெதுவான இசை. இந்த மூன்றையும் சேர்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். பியானோவுக்குப் பதில் புல்லாங்குழல் வைத்தாலும் அடைக்கும். சினிமாவில் அம்மா இறந்தால் பியானோ, காதலி ரயிலேறினால் பியானோ என்று இத்தனை வருஷம் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். மணி அடித்தால் சோறு என்கிற கதைதான்.

இப்போது பாட்டுச் செயலிகளைத் திறந்து பாருங்கள். படிக்க பியானோ, தூங்க பியானோ, மழைச் சத்தத்தோடு பியானோ. பத்துத் துண்டு கேட்டால் எது யார் வாசித்தது என்று சொல்ல முடியாது. இதை இசை என்பதா, மாத்திரை என்பதா?

#3 | தந்திமீட்டி (காரைக்குடி)

மேலவீதி அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் சண்டை போடுவேன்.

நான் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஜிம்னோபெடியைப் பிள்ளைகளுக்காக வீணையில் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்ல முடியும். அதன் ஆதார சுருதியை ஸட்ஜமாக (ஸ) வைத்துக்கொண்டால் சுரம் எல்லாம் நம் சங்கராபரண ராகத்துச் சுரங்கள்தான். மூன்று எண்ணிக்கைத் தாளம். முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு மெலடி இப்படிப் போகும்:

க ப | ம க நி | த நி ஸ | ப

இதில் 'ம க'வுக்குப் பிறகு வருகிற நி, ஸட்ஜத்துக்குக் கீழே இருக்கிற நி. அங்கிருந்து த வரைக்கும் இறங்கி, ஸ-வுக்கு ஏறி, மறுபடி கீழ்ப் பஞ்சமத்தில் போய் நிற்கும். நின்ற பிறகு இன்னும் கீழே க. அந்தக் காந்தாரம் பல ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) அப்படியே கிடக்கும். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் எதையாவது போட்டு நிரப்பியிருப்பார்கள். இவர் நிரப்பவில்லை.

இதைவிட முக்கியம் இடது கை. கீழே ஸட்ஜம் உறுதியாக நிற்பதில்லை. ம ஒரு தடவை, ஸ ஒரு தடவை என்று மாறி மாறி வருகிறது. ம அடியில் இருக்கும்போது மேலே கார்டில் க இருக்கிறது. ஸ அடியில் இருக்கும்போது கார்டில் நி. இரண்டு தடவையும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசுகின்றன. ஒட்டி வைத்தால் காது கூசும். தள்ளித் தள்ளி வைத்திருப்பதால் கூசாமல் ஒரு ஏக்கம் மட்டும் தங்குகிறது. சந்தோஷமா சோகமா என்று தீர்ப்பு சொல்ல முடியாமல் போவது இதனால்தான். சினிமா பழக்கம் என்றால், படமே பார்க்காத என் ஏழு வயது மாணவி "டீச்சர், இது ஏன் முடியவே மாட்டேங்குது" என்று ஏன் கேட்டாள்?

கடைசியில் காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கி, 'சாதாரண காந்தாரம்' என்கிற சுரமாக்கி முடிக்கிறார். சங்கராபரணத்தில் புறப்பட்டவர் வேறு வாசல் வழியாக வெளியே போகிறார்.

#4 | மேலவீதி (தேவகோட்டை)

படமே பார்க்காத ஏழு வயதுப் பிள்ளையா? காரைக்குடியிலா? 😀

சரி டீச்சர், சுரக் கணக்கு சரி. ஆனால் அதையே நீங்கள் வீணையில் வாசித்தபோதும் அதே ஏக்கம் வந்ததா? வந்திருந்தால் பெருமை சாட்டிக்கு. வராவிட்டால்தான் பியானோவுக்கு.

#5 | தந்திமீட்டி (காரைக்குடி)

நல்ல கேள்வி. வந்தது, ஆனால் அது வேறு ஏக்கம்.

வீணையில் நான் ஒரு சுரத்தை மீட்டிவிட்டால் என் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தந்தியை இழுக்கிறேன், அசைக்கிறேன், ஒரே மீட்டில் நாலு சுரம் எடுக்கிறேன். ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பாதை போட்டுத் தருவது என் விரல். பியானோவில் அது முடியாது. சுரம் நேராக நிற்கும், அவ்வளவுதான். அடுத்ததுக்கு எப்படிப் போவது என்பதைக் கேட்கிறவர் காதே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இதைக் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கமகம் (சுரத்தை இழுத்து அசைப்பது) இல்லாத வாத்தியத்தில் என்ன உருக்கம் என்று வீணைக்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பேசுவதுதான். மெதுவான பியானோவைக் கேட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

நம் ஊரிலும் தனியாக உட்கார்ந்து கேட்கிற இசை இல்லாமல் இல்லை. காரைக்குடி வீணைச் சகோதரர்களை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை மடியில் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயர் 1888-ல் பிறந்தார், அதே ஜிம்னோபெடி வருஷம். 1952-ல் சங்கீத கலாநிதி வாங்கினார். அவர் தானம் (தாளக்கட்டு இல்லாத ராக விரிவு) வாசித்த பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பதிவு கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கேளுங்கள். அவசரமே இல்லாத மனிதர்.

#6 | கறுப்புவெள்ளை (திருச்சி)

டியூனிங் வேலை பார்க்கிறவன். சர்ச், பள்ளிக்கூடம், சில வீடுகள். காரைக்குடிப் பக்கமும் வருவேன். டீச்சர் சொன்னதை வாத்தியத்தின் உள்ளே இருந்து சொல்கிறேன்.

கட்டையை அழுத்தினால் ஃபெல்ட் (கம்பளித் துணி) சுற்றிய ஹேமர் (சின்னச் சுத்தியல்) போய்த் தந்தியை அடிக்கும். அடித்த மறுகணமே விலகிவிடும். அதற்குப் பிறகு வாசிப்பவர் தலைகீழாக நின்றாலும் அந்தச் சுரத்தைக் கூட்ட முடியாது. வயலினில் வில்லை அழுத்தி ஏற்றலாம், நாகசுரத்தில் மூச்சைக் கூட்டி ஏற்றலாம். பியானோவில் பிறந்த கணம்தான் உச்சம். அங்கிருந்து எல்லாமே இறக்கம்.

அந்த இறக்கமும் ஒரே சீராக இருக்காது. நடுவிலும் மேலேயும் ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி உண்டு (கீழே போகப் போக இரண்டு, அப்புறம் ஒன்று, 88 கட்டைக்கும் சேர்த்து சுமார் 230 தந்தி). அடித்தவுடன் மூன்றும் ஒன்றாக ஆடும்போது சக்தி வேகமாக ஒலிப்பலகைக்குள் இறங்கிவிடும், சத்தம் சட்டென்று குறையும். மூன்றும் நூலளவு முன்பின் இருப்பதால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிராக ஆட ஆரம்பிக்கும். அப்போது பலகைக்குப் போகிற சக்தி குறைந்து, மீதி ஒலி மெல்லிசாக, ரொம்ப நேரம் நிற்கும். இதை கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977-ல் விளக்கி எழுதியிருக்கிறார். நாங்கள் இந்தப் பின்பகுதியை 'வால்' என்போம். மூன்று தந்தியையும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்க்கிறோம் என்பதில்தான் வாலின் நீளம் இருக்கிறது. ஒரு டியூனரின் கை அங்கேதான் தெரியும்.

விஷயம் இதுதான்: வேகமாக வாசித்தால் வாலைக் கேட்கவே முடியாது, அடுத்த சுரம் வந்து மூடிவிடும். மெதுவாக, தனியாக, சுரத்தை நிற்க விடுகிற பெடலை மிதித்து வாசிக்கும்போதுதான் ஒவ்வொரு சுரமும் போகிற வரைக்கும் நம்மால் கூடவே போக முடிகிறது. உருக்கம் வருவது அடியில் இல்லை, அந்த வாலில். என் கருத்து இது. இருபது பேர் சேர்ந்து வாசிக்கும் இசையில் யாராவது ஒருவர் சத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார். தனிப் பியானோவில் தாங்க ஆள் இல்லை.

#7 | வளவுக்காற்று (பள்ளத்தூர்)

அண்ணே, இதைப் படித்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன். முன்பு மெலடியைத் துரத்திக்கொண்டு போவேன். இந்தத் தடவை ஒவ்வொரு சுரமும் எங்கே முடிகிறது என்று பார்த்தேன். சில இடத்தில் முடிந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. வளவில் வைத்துக் கேட்டால் வால் நீளமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. அது வீடா, காதா?

#8 | கறுப்புவெள்ளை (திருச்சி)

பாதிக்கு மேல் வீடுதான்.

உங்கள் ஊர் வீட்டில் ஒலியை விழுங்குகிற பொருள் குறைவு. ஆத்தங்குடிக் கல் தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண், சில வீட்டில் கல் தூண். திரை, கம்பளம், சோபா ஒன்றும் கிடையாது. அதனால் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் வளவுக்கு மேலே வானம் திறந்திருக்கிறது. ஒரு பங்கு மேலே போய்விடும், தேங்காது. அதனால்தான் நீளமாகவும் இருக்கிறது, குழம்பாமலும் இருக்கிறது.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? அதே ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய் மூடிய கல்யாணக் கூடத்தில் வையுங்கள். ஒரு சுரத்தின் மேல் இன்னொன்று ஏறி சாம்பார் ஆகிவிடும். முதலில் இரண்டு இடத்திலும் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், அதிலேயே தெரியும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலி மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

#9 | கோட்டையூர் ஆச்சி

நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேரன் இந்தத் தளத்தில் சேர்த்துவிட்டான். சுரமும் தந்தியும் எனக்குத் தெரியாது. கேட்கத் தெரியும்.

எங்கள் வீட்டு ஐயா மலாயாவில் கடையில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். மாமியார், நான், சமையலுக்கு ஒரு அம்மா. அவ்வளவு பெரிய வீட்டில் ராத்திரி ஒரு கதவு சாத்தினால் அடுத்த கட்டு வரைக்கும் கேட்கும். ரேடியோ வைத்தால் மாமியார் திட்டுவார்கள். அப்படியே பழகிவிட்டது. இப்போதும் டிவி சத்தம் எனக்குத் தலைவலி.

பேரன் போனில் இந்தப் பெட்டி வாத்தியத்தைப் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பிடித்தது எதனால் என்றால், அதில் வார்த்தை இல்லை. பாட்டு என்றால் அழாதே என்பான், மறந்துவிடு என்பான், சாமி பார்த்துக்கொள்வார் என்பான். இதுவரை எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் போதும். இது பாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நான் பாட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். பாக்கு வெட்டிக்கொண்டே கேட்கலாம்.

மேலவீதித் தம்பி மாத்திரை என்று எழுதியிருக்கிறார். மாத்திரையில் என்ன தப்பு? நான் தினம் ஐந்து போடுகிறேன்.

#10 | மேலவீதி (தேவகோட்டை)

ஆச்சி, உங்களிடம் நான் வாதம் பண்ண வரவில்லை. கும்பிடுகிறேன்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் எரிச்சல்படுவது சாட்டி மேல் இல்லை. எதுவும் கேட்காத, எதுவும் சொல்லாத, பின்னணியில் ஓடுவதற்கென்றே செய்கிற சரக்கின் மேல். மெதுவாக வாசித்தால் ஆழம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இரண்டு கார்டு, நிறைய எக்கோ, அட்டைப்படத்தில் பனிமூட்டம். முடிந்தது ஆல்பம்!

#11 | தந்திமீட்டி (காரைக்குடி)

பின்னணி இசை என்கிற வம்பை ஆரம்பித்ததே அதே சாட்டிதான் அண்ணே. மேசை நாற்காலி மாதிரி அறையில் சும்மா கிடக்கட்டும், யாரும் கவனிக்க வேண்டாம் என்றே 1917-ல் 'அறைகலன் இசை' எழுதினார். 1920-ல் பாரிஸில் ஒரு நிகழ்ச்சியின் இடைவேளையில் அப்படி ஒன்றை வாசித்தபோது ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர் ஓடி ஓடி, பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சொன்னாராம்.

இரண்டு கார்டு என்று இளக்காரமாகச் சொல்கிறீர்களே, பில் எவன்ஸ் என்ற ஜாஸ் பியானோக்காரர் 1958-ல் பதிவு செய்த 'பீஸ் பீஸ்' கேளுங்கள். இடது கையில் முதலிலிருந்து கடைசி வரை அந்த இரண்டே கார்டுதான். நம் தம்புராவுக்கு என்ன வேலையோ அந்த வேலை. அதன் மேல் வலது கை ஆலாபனை பண்ணுகிறது. முதலில் சாதுவாக, போகப் போக சுருதிக்கு வெளியே எல்லாம் போய்ப் பறவை மாதிரி கத்தி, மெல்லத் திரும்பி வருகிறது. கீழே இருப்பது அசையாததால்தான் மேலே அவ்வளவு தூரம் போக முடிகிறது. அட்டைப்படத்துப் பனிமூட்டத்தில் இருக்கிறவர்கள் மேலே எங்கேயும் போவதில்லை. அங்கேதான் வித்தியாசம்.

#12 | நைட்டூட்டி (குன்றக்குடி)

ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெயருக்கு ஏற்ற நேரத்தில்தான் படிக்கிறேன்.

2006-ல் 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழில் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. 24 பேர். பாதிப் பேர் இசை கற்றவர்கள், பாதிப் பேர் கல்லாதவர்கள். பல வகை இசையைப் போட்டு மூச்சு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வேகமான இசைக்கு எல்லாம் ஏறியது. எந்த வகை இசை என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதற்குத்தான் உடம்பு அதிகம் அசைந்தது. இடையில் எங்கேயோ இரண்டு நிமிடம் மௌனம் வைத்திருந்தார்கள். அந்த மௌனத்தில்தான் எல்லாம் நன்றாக இறங்கியது, இசை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் கீழே.

24 பேர் என்பது சின்னக் கூட்டம், அதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கறுப்புவெள்ளை அண்ணன் வால் என்று சொன்னதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. சும்மா இருக்கிற மௌனம் வேறு, சத்தம் போன பிறகு வருகிற மௌனம் வேறு. ஐசியூவில் ஒரு மெஷினின் பீப் நின்றால் எங்களுக்கு முதுகு நிமிர்ந்துவிடும், அது இன்னொரு ரகம். டூட்டி முடிந்து வண்டியில் போகும்போது எனக்கு எந்தப் பாட்டும் ஆகாது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு பியானோ மட்டும்.

ஆச்சி, ஐந்து மாத்திரையையும் நேரத்துக்குப் போடுங்கள்.

#13 | மேலவீதி (தேவகோட்டை)

ஒலிப்பதிவு பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊர்க்காரர் மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கி, 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படமே எடுத்தவர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். கொட்டகைக்குள் காக்காய் சத்தம் வராமல் பதிவு செய்ய எவ்வளவு பாடு பட்டிருப்பார்கள்! இப்போது என்னவென்றால் பெஞ்சு கிறீச்சிடுவதையும் மூச்சு விடுவதையும் மைக் வைத்துப் பிடிக்கிறார்கள். இது என்ன ஃபேஷன்?

#14 | மட்டுறுத்துநர்

ஏ.வி.எம். பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். கடைசிக் கேள்வி இங்கேயே இருக்கலாம்.

#15 | கறுப்புவெள்ளை (திருச்சி)

ஃபேஷன்தான், ஆனால் காரணத்தோடு வந்த ஃபேஷன். பல அப்ரைட் (செங்குத்தாக நிற்கிற) பியானோவில் நடு பெடலை மிதித்தால் ஒரு ஃபெல்ட் பட்டை ஹேமருக்கும் தந்திக்கும் நடுவே இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கட்டும் என்று வைத்த வசதி அது. ஜெர்மனியில் நீல்ஸ் ஃப்ராம் என்ற பியானோக்காரர் ராத்திரியில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்க இப்படித் துணி வைத்து, மைக்கைத் தந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பதிவு செய்தார். 2011-ல் 'ஃபெல்ட்' என்றே ஆல்பம் வந்தது. வாத்தியத்தின் சத்தம் குறைந்ததும் மரம் அசைவது, கட்டை திரும்புவது எல்லாம் மேலே வந்துவிட்டது. கேட்பவருக்குத் தான் பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருக்கிற உணர்வு. அதற்குப் பிறகு எல்லோரும் துணியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அளவோடு பிடிக்கும். எப்போதும் துணி போட்டே வாசித்தால் வால் செத்துவிடும். என் மனசு ஆர்வோ பெர்ட் பக்கம். எஸ்டோனியாக்காரர். பல வருஷம் கிட்டத்தட்ட ஒன்றுமே எழுதாமல் இருந்துவிட்டு 1976-ல் 'ஃபர் அலீனா' என்று இரண்டு பக்கத்தில் ஒன்று எழுதினார். தாளக் குறிப்பு கிடையாது. தொடக்கத்தில் அடியில் ஒரு சுரம். பெடலை விடாமல் மேலே இரண்டு கையும் ஒவ்வொரு சுரமாக, சேர்ந்தே வைத்துக்கொண்டு போகும். கோயிலில் பெரிய மணியை அடித்துவிட்டு நாம் நடக்க ஆரம்பித்த பிறகும் அது கூட வருமே, அதுதான். அவரும் மணியைத்தான் மனதில் வைத்திருந்தார்.

இதை வாசிக்க விரல் வேகம் தேவையே இல்லை. முதல் வருஷ மாணவன் சுரத்தைச் சரியாக வாசித்துவிடுவான். அடுத்த சுரத்தை எப்போது வைப்பது என்பதில்தான் மாட்டுவான். பெரும்பாலும் அவசரப்பட்டு வைத்துவிடுவார்கள், பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி.

#16 | வளவுக்காற்று (பள்ளத்தூர்)

கேட்டேன். அப்பத்தா உள்ளேயிருந்து "யார் வந்திருக்கா" என்று கேட்டார்கள்.

ஆச்சிக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எமாஹோய் என்று ஒரு எத்தியோப்பியத் துறவி. பெரிய குடும்பத்தில் பிறந்து, பியானோ கற்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கன்னியாஸ்திரீ ஆனவர். ஜெருசலேமில் மடத்து அறையில் ஒரு பியானோவோடு பல வருஷம் இருந்தார். 2023-ல் 99 வயதில் காலமானார். அவர் வாசிப்பு மேற்கத்திய மெட்டில் தொடங்கும், நடுவில் அவர்கள் ஊர்ச் சர்ச் ராகம் வந்து நெளியும். கையில் கணக்கு இருக்காது, பேசுவது போல முன்னேயும் பின்னேயும் போகும். பேரனிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

#17 | தந்திமீட்டி (காரைக்குடி)

அவரை நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு மீதி வேலை. எத்தியோப்பியாவின் ஐந்து சுர ராகங்கள் சில நம் காதுக்கு மோகனத்தின் அக்கம்பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#18 | புதுவயல்ராஜா

புது உறுப்பினர். இழைக்குச் சம்பந்தம் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். எங்கள் பங்காளி வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். பல வருஷமாக யாரும் தொடவில்லை. மேலே அண்டா, தாம்பாளம் எல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். பாதிக் கட்டை அழுத்தினால் எழுவதில்லை. எழுகிற கட்டை ஊளையிடுகிறது. டியூன் பண்ண முடியுமா, இல்லை பழைய மரத்துக்குப் போட்டுவிட வேண்டியதுதானா? வீட்டில் விற்றுவிடலாம் என்கிறார்கள்.

#19 | கறுப்புவெள்ளை (திருச்சி)

முதலில் அண்டாவை இறக்குங்கள்.

அப்புறம் கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் மண் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? தந்தி சுற்றியிருக்கிற ஆணிகள் கெட்டியாக நிற்க வேண்டும், அதைத் தாங்குகிற மரக்கட்டை வெடித்திருந்தால் செலவு எகிறிவிடும். துரு மேலாக இருந்தால் பரவாயில்லை. கட்டை எழாதது பெரும்பாலும் ஈரத்தில் மரமும் ஃபெல்ட்டும் ஊதியதால்தான், அது சரிசெய்யக் கூடியது. உள்ளே எலி ஃபெல்ட்டைத் தின்றிருக்கும், அதையும் எதிர்பாருங்கள்.

யாராவது வந்து ஒரே நாளில் சுருதியை முழுசாக ஏற்றித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். ஒரு பியானோவில் எல்லாத் தந்தியும் சேர்த்துப் பல டன் இழுவை இருக்கும். இத்தனை வருஷம் தளர்ந்து கிடந்ததைத் திடீரென்று முறுக்கினால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, சில தடவை வந்துதான் ஏற்ற வேண்டும். அரை சுரம் கீழேயே நிறுத்தி வைத்தாலும் தனியாக வாசிக்க ஒரு குறையும் இல்லை, கூடப் பாட ஆள் வந்தால்தான் பிரச்சினை.

#20 | வளவுக்காற்று (பள்ளத்தூர்)

ராஜா, விற்காதீர்கள். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூய்ச்சி சகமோட்டோ 2011 சுனாமியில் மூழ்கிய ஒரு பள்ளிக்கூடப் பியானோவைத் தேடிப் போய் வாசித்தார். டியூன் பண்ணவே இல்லை. அந்தக் கெட்டுப்போன சத்தத்தை அப்படியே 2017-ல் வந்த 'அசிங்க்' ஆல்பத்தில் சேர்த்தார். ஊளையிடுகிறது என்கிறீர்களே, எந்தக் கட்டை எப்படி ஊளையிடுகிறது என்று முதலில் போனில் பதிவு செய்து இங்கே போடுங்கள்.

#21 | மேலவீதி (தேவகோட்டை)

சகமோட்டோ வாசித்தால் கெட்டுப்போன பியானோவும் இசை. புதுவயலில் வாசித்தால் பங்காளிச் சண்டை. யார் பங்கில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் ராஜா.

அந்த எத்தியோப்பிய அம்மாவை நானும் கேட்டேன். அதை மாத்திரை என்று சொல்ல மாட்டேன். மற்ற விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

#22 | கோட்டையூர் ஆச்சி

அந்த அம்மா வாசித்ததைப் பேரன் போட்டான். நன்றாக இருந்தது. தப்பு விட்டாலும் நிறுத்தாமல் போகிறாள், அது எனக்குப் பிடித்தது. ஆனால் நடுநடுவே இந்த விளம்பரம் வருகிறதே, பெயிண்டு வாங்கு, லோன் வாங்கு என்று. அது வராமல் கேட்க என்ன செய்ய வேண்டும்? பேரன் மாசம் பணம் கட்ட வேண்டும் என்கிறான். நிஜமா?

#23 | நைட்டூட்டி (குன்றக்குடி)

நிஜம்தான் ஆச்சி. இல்லாவிட்டால் பேரனிடம் பாட்டுகளைக் காசு கொடுத்து ஒரே தடவையாக வாங்கி போனிலேயே இறக்கித் தரச் சொல்லுங்கள், அப்புறம் நெட்டும் வேண்டாம், விளம்பரமும் வராது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, கோட்டையூர் வழியாகத்தான் வருவேன். வேண்டுமானால் நானே செய்து தருகிறேன்.